மந்தமா இருக்கு மச்சான்

நீங்க பாட்டுக்குக் கிட்டாருல ஈயத்தப் பத்த வைங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கேன். வாய மூடிக்கிட்டு ஒக்காந்தா எனக்குக் காய்ச்சல் வந்துரும். இல்லீங்க, ஸ்டூலு வேணாம். நின்னாத்தான் கொரலு எறங்கி வரும்.

என்னா? அவுரா? அவுரு வர இன்னம் அர மணி நேரம் ஆவும். மைக்செட்டுக்காரன் கட சங்குப்பேட்டையில இருக்கு. அங்கேருந்து எங்க ஆம்ப்ளிஃபயரு பொட்டிய எடுத்தாரப் போயிருக்காரு, சைக்கிள் கேரியர்ல கட்டுனா ஏறி ஓட்ட முடியாது, தள்ளிக்கிட்டே வரணும். ஒங்க கட ஆம்ப்ளிஃபயரு மேல நம்பிக்க இல்லியாம். கோவிச்சுக்காதீங்க. அவுருக்கு எந்தப் பொட்டி மேலயும் நம்பிக்க இல்ல.

பேரு காசிநாதன். எந் தங்கச்சி லீலாவதியக் கட்டுனவரு. எங்க ட்ரூப்புல அவுரு கிட்டாரு, நான் மிமிக்ரி. போஸ்டரு பாத்திருப்பீங்களே, அரியலூர் பொன்மணி இன்னிசைக் குழு. மேல பெருசா ஓனரு இராமலிங்கம் படம், நடுவுல பாட்டுக்காரங்க படம். அடியில, பசை தடவுறவன் கை வச்சு அழிச்ச எடத்துல, பலகுரல் செல்லமுத்துன்னு ஒரு வரி இருக்கும். அந்த அழிஞ்ச வரி நாந்தாங்க.

கிட்டார அப்புடித் திருப்பிப் பாக்குறீங்களே, ஒரே தையலா இருக்குங்களா? இருக்காதா பின்ன! நாலு வருசத்துல மூணாவது ஆபரேசன். ஒரு மனுசன இத்தன தடவ அறுத்திருந்தா எப்பயோ கண்ண மூடியிருப்பான்.

வாஸ்தவம், வாஸ்தவம். நீங்க சொல்றது சரிதான். கம்பிக்கு அடியில ஒக்காந்து சத்தத்தப் புடிக்கிற பிக்கப்பு இருக்கே, கண்ட்ரி சத்தத்துக்கு அது ஒத்தச் சுருளா இருக்கணும், அதையும் கம்பி முடியற பாலத்துக்குப் பக்கத்துல மாட்டணும். அட, எனக்கு மட்டுமில்ல, வூட்டுல அரிசி பொடைக்கிற எந் தங்கச்சிக்கே அது மனப்பாடம். ஒத்தச் சுருளு தெறிக்கும், ஆனா ட்யூப்லைட்டக் கண்டா எரையும். எரட்டச் சுருளு எரையாது, ஆனா வாயில கேப்பக் களிய அதக்கிக்கிட்டுப் பேசுனாப்ல இருக்கும். புருசன் தூக்கத்துல பொலம்புனா பொண்டாட்டிக்குப் பாடம் ஆயிருதுங்க. மத்தவன் பொண்டாட்டிக்கு வேற பேருங்க காதுல விழுவும், இதுக்குச் சுருளு.

கண்ட்ரின்னா என்னான்னு கேக்கறீங்களா, இல்ல எனக்குத் தெரியுமான்னு சோதிக்கிறீங்களா? அமெரிக்காவுல மாடு மேய்க்கிறவன் குதிர மேல ஒக்காந்து பாடற பாட்டு. நம்மூரு மாட்டுக்காரன் பாடுனா, மாடு எங்கடா போச்சுன்னு அடிக்கப் போறோம். அந்தூரு மாட்டுக்காரன் பாடுனா கேசட்டு.

மாப்ள அரியலூருக்கு வடக்கால ஒரு சுண்ணாம்புக்கல்லு கொவாரில வேல பாக்குறாரு. ராத்திரில கச்சேரி, பகல்ல கொவாரி. அங்க சேந்த மொத வருசம், மிசினு மாட்டிக் குடுக்க ஒரு வெள்ளக்காரரு வந்தாரு. அவுரு ஜீப்புல எந்நேரமும் இந்தப் பாட்டுதான். மாப்ள ஜீப்புக்குப் பக்கத்துல போயிப் போயி நிப்பாரு. ஊருக்குப் போறப்ப அந்த ஆளு கேசட்ட இவுரு கைல குடுத்துட்டுப் போயிட்டாரு. பாவம், நல்ல மனுசன். அதுல என்னா குடும்பம் கெடும்னு அவுருக்கு எப்புடித் தெரியும்?

அன்னையிலேருந்து ஒரே பேச்சு. கம்பி தெறிக்கணும் மச்சான். இருங்க, அவுரு கொரல்லயே போடறேன். ம்ஹும். கம்பி தெறிக்கணும் மச்சான்! கல்லுல உளி பட்டாப்ல! ட்டிங்! ட்டிங்! ட்டொய்ங்ங்! பாத்தீங்களா, மூக்குல வருது. வெளிய நின்னு கேட்டா காசிநாதன் வந்துட்டாருன்னு நெனப்பீங்க.

மொதல்ல கிட்டாரோட வந்தது கல்கத்தா சாமான். எரட்டச் சுருளு. களி கேசு. அத அவுத்துக் கடாசுனாரு. ரெண்டாவது யாரு பண்ணுனான்னு நெனைக்கிறீங்க? அய்யாக்கண்ணு. ஆமாங்க, அதே ஆளுதான், மோட்டார் வைண்டிங் கட. பம்புசெட்டு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுத்துறவரு. காந்தம், அதச் சுத்திக் கம்பி, இதுல என்னா பெரிய வித்த, மோட்டாரும் இதானேன்னுட்டாரு. பழைய ஸ்பீக்கருல காந்தத்தப் புடுங்கி, தலமயிரு மாதிரி கம்பிய எட்டாயிரம் சுத்து சுத்திக் குடுத்தாரு. குடுக்கும்போது ஒண்ணு கேட்டாரு பாருங்க. தம்பி, இதுக்குத் தண்ணி எத்தன அடியிலேருந்து எடுக்கணும்?

சிரிக்காதீங்க, கை ஆடும். சூட்டுக்கோலு பாத்து.

அத மாட்டிக்கிட்டுக் குரும்பலூரு திருவிழாவுக்குப் போனோம். சத்தம் தெறிச்சுதா? தெறிச்சுது. ஆனா எரைச்சலு இருக்கே, தேன்கூட்டுல தலைய விட்டாப்ல. அது போதாதுன்னு, பாட்டு நடுவுல கிட்டாரு பேசுது! மெய்யாலுந்தாங்க! ரேடியோ ஸ்டேசனு வந்து உள்ள பூந்துக்கிட்டு. எங்க பாட்டுக்கார அம்மா உருகி உருகி ஒரு சோகப் பாட்டு பாடுது, கிட்டாருக்குள்ளேருந்து ஒரு ஆளு, பருத்தியில் காய்ப்புழுவைக் கட்டுப்படுத்தங்குறான். மொத வரிசையில ஒக்காந்திருந்தவரு துண்டுச் சீட்டுல குறிச்சுக்கிட்டாருன்னா பாத்துக்கங்களேன். சனம் பூரா நாந்தான் மிமிக்ரி பண்றேன்னு நெனச்சு ஒரே கைதட்டலு. நானும் எந்திரிச்சு ஒரு கும்புடு போட்டுட்டேன். வந்த கைதட்ட வேணாங்க முடியுங்களா?

மூணாவது துபாயி. எங்கூரு ராசாங்கம் லீவுல வரப்ப வாங்கியாந்தது. எல்லாரும் செண்ட்டு கேட்டாங்க, டேப்ரிக்கார்டு கேட்டாங்க, இவுரு பிக்கப்பு கேட்டாரு. ராசாங்கம் அத ஏதோ பிக்கப்பு லாரி சாமான்னு நெனச்சே எல்லாக் கடையிலயும் கேட்டிருக்கான். எப்புடியோ சரியானது வந்து சேந்துச்சு. அசல் சாமான். மாட்டி ஒரு இழுப்பு இழுத்தாரு. அய்யோ, அய்யோ. தெருவுல நாலு நாயும் ஒரே சமயத்துல ஊளையிடுது. எனக்குப் பல்லு கூசுது. இராமலிங்கம் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாரு. நான் சொன்னேன், வந்துருச்சு மாப்ளே, இதுக்கு மேல தெறிச்சா கம்பி கண்ணுல குத்தும்.

மாப்ள தலைய ஒரு பக்கமாச் சாச்சு, திருக அந்தக் கடேசி வரைக்கும் திருகி, இன்னொரு இழுப்பு இழுத்துட்டுச் சொல்றாரு. மந்தமா இருக்கு மச்சான்.

மந்தமா! நாயி ஊளையிட்டுக்கிட்டிருக்கு, மந்தமாம்!

அதுலேருந்து எல்லாக் கச்சேரியிலயும் அதே கூத்துதான். கிட்டாருல டோன் திருகு முழுசு. ஆம்ப்ளிஃபயருல கீச்சுச் சத்தத்த ஏத்துற ட்ரெபிள் முழுசு. முன்னாடி ஒக்காந்திருக்க பொம்பளைங்க புள்ளைங்க காதப் பொத்துதுங்க. போன மாசம் இராமலிங்கம் என்னத் தனியாக் கூப்புட்டுச் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கெழம ஆண்டிமடத்துல கச்சேரி. அன்னைக்கும் ஒங்க மாப்ள இப்புடிக் கிழிச்சாருன்னா, மறுநா திருச்சியிலேருந்து வேற ஆளு வந்துருவான். பதினாலு வருசமா அந்த ட்ரூப்புல வாசிக்கிறாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்து. கிட்டார எடுத்துட்டா அந்த மனுசன்ட்ட மிச்சம் இருக்கறது ஒரு மீசையும் சுண்ணாம்புத் தூசியுந்தான்.

கேசட்டா? அத நான் போட்டுக் காட்டாமயா? காட்டுனேன். ரெண்டையும் பக்கத்துல வச்சுக் கேளுங்க மாப்ளேன்னேன். கேட்டுட்டு, கேசட்டும் தேஞ்சு போச்சு மச்சாங்குறாரு. டேப்ரிக்கார்டு ஹெட்ட ஸ்பிரிட்டு போட்டுத் தொடைக்கிறாரு, தொடைக்கிறாரு, குழந்தைக்கு மூக்கு தொடைச்சாப்ல. நான் சிரிச்சேன். மேடையில கூட ஒரு அயிட்டம் போட்டேன், பிக்கப்பு டாக்டருன்னு. அவுரு கொரல்லயே. செம கைதட்டு. அவுரும் பின்னாடி நின்னு சிரிச்சாருங்க.

அப்புறம் விசிலு.

என்னா விசிலா? கொவாரில அவுரு வேலையே அதான். பாறையில குழி போட்டு மருந்து கெட்டிச்சு வேட்டு வைப்பாங்க இல்லீங்களா, அதுக்கு முன்னாடி செவப்புக் கொடியக் காட்டி, விசிலு ஊதி, ஆளு, ஆடு, மாடு எல்லாத்தையும் வெரட்டணும். எல்லாரும் ஓடுன பின்னாடி கடேசியா ஓடறவரு இவுரு. அதனால வேட்டுக்குக் கிட்டக்க நிக்கறவரும் இவுருதான். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ. ஒம்போது வருசம்.

அன்னைக்கு நான் அவுரு வூட்டுக்குப் போறேன், வாசல்ல பனியன் மேல மூணு விசில வரிசையாப் பரப்பி வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. என்னா மாப்ளே, விசிலு கட வச்சிருக்கீங்களான்னேன். இல்ல மச்சான், ஸ்டோருல மூணு தடவ மாத்திக் கேட்டுட்டேன், மூணும் செத்த விசிலா குடுக்குறாங்க, வெறும் காத்துதான் வருதுங்குறாரு.

எடுத்து ஊதுனேன். சும்மா இல்ல, நம்ம தம்முக்கு. பக்கத்து வூட்டுக் கோழியெல்லாம் கூரைக்கு ஏறிருச்சு. தூளியில கெடந்த புள்ள வீல்னு கத்துது. லீலாவதி கரண்டியோட ஓடியாந்து, ஒனக்கென்னா கழுத வயசாச்சு, வெக்கமா இல்லையாண்ணேன்னு திட்டுது.

மாப்ள என்னப் பாத்துச் சொல்றாரு. பாத்தீங்களா மச்சான், காத்துதான்.

எனக்குன்னு ஒரு பொழப்பு இருக்கு, சத்தம் போடறது. அன்னைக்கு அந்த விசிலத் திரும்பப் பனியன் மேலயே வச்சுட்டு நடையக் கட்டிட்டேன்.

அப்புறம் சோதிச்சுப் பாத்தேன். வேற எப்புடி? எனக்குத் தெரிஞ்ச வழியில. அவுரு முதுகுப் பக்கமா நின்னு எரும மாதிரி கத்துனேன். திரும்பிப் பாத்து, வாங்க மச்சான்னாரு. காக்கா. திரும்புனாரு. குயிலு. லேசாத் தல அசைஞ்சுது. தேன்சிட்டு. ம்ஹும். அணிலு. ஒண்ணுமில்ல. சில்வண்டு. அந்தச் சில்வண்டுக்குப் பெரம்பலூரு டவுனே எந்திரிச்சு நின்னு கைதட்டியிருக்குங்க. அவுரு பாட்டுக்கு ஒக்காந்து கம்பியத் தொடச்சுக்கிட்டிருக்காரு.

ஆமாங்க. பிக்கப்பு எல்லாம் நல்ல பிக்கப்புதான். இப்ப நீங்க பத்த வைக்கறதும் நல்லதுதான்.

டாக்டரா? திருச்சியில காது டாக்டரு இருக்காரு, தெரியும். கூட்டிட்டுப் போயிரலாம். போனா மாப்ளகிட்ட விசயத்தச் சொல்லணுமில்ல? சொன்னா, எதனால வந்துச்சுன்னு கேப்பாரில்ல?

இப்ப ஒரு கொரலு போடறேன், யாருன்னு கண்டுபுடிங்க. கம்பிய நோண்டித் திங்கறவனுக்கு எந் தங்கச்சியக் குடுக்க மாட்டேன். கம்பெனி வேலைன்னு ஒண்ணு கைல இருந்தா வெத்தல பாக்கோட வா. இல்லாட்டி இந்தத் தெருப் பக்கமே தல காட்டாத.

தெரியலையா? நல்லா யோசிங்க. நடிகரு இல்ல, தலைவரு இல்ல.

எங் கொரலுதாங்க. ஒம்போது வருசத்துக்கு முன்னாடி உள்ளது. இன்னம் பிசிறு இல்லாம வருது பாருங்க. கொவாரி மேஸ்திரியப் புடிச்சு அந்தக் கொடி வேலைய வாங்கிக் குடுத்ததும் நாந்தான். காதுல பஞ்சு வச்சுக்கப்பான்னு ஒரு பெரியவரு சொன்னப்ப, என்னா மாப்ளே, காது குத்துன புள்ளையாட்டம் பஞ்சுன்னு கேலி பண்ணிச் சிரிக்க வச்சதும் நாந்தான். அதுக்கும் கைதட்டு வந்துச்சு.

சரி, அத விடுங்க. ஒரு வேல பண்ணுங்க. அந்த டோன் திருகு இருக்குல்ல, அது மேல சும்மா சுத்தட்டும். உள்ளார ஒரு கண்டென்சரப் போட்டு கீச்சுச் சத்தத்த மட்டா நிறுத்திப் பத்த வச்சுருங்க. அவுரு எவ்வளவு திருகுனாலும் கிழியக் கூடாது. மேடையில ஆம்ப்ளிஃபயரு திருக நான் பாத்துக்குறேன், பக்கத்துலயே ஒக்காந்துக்குவேன். அதுக்குத்தாங்க அவுர அனுப்புனேன். ஒங்க ஆம்ப்ளிஃபயரு சரியில்லன்னு சொன்னதும் நாந்தான். மன்னிச்சுக்கங்க.

அவுருக்கு மந்தமாத்தான் இருக்கும், ஆமா. அந்த விசிலுக்கு அப்புறம் அவுரு மந்தம்னா, மந்தம்தான் மாப்ளேன்னு நானும் ஒத்து ஊதிட்டேன், விசயம் தெரிஞ்சிரக் கூடாதுன்னு. இன்னைக்கு மாத்திச் சொல்லப் போறேன். வந்துருச்சு மாப்ளே, இதான் கண்ட்ரின்னு. ஆனா நான் ஒருத்தன் சொன்னா பத்தாது. நான் எதச் சொன்னாலும் மிமிக்ரின்னு நெனைப்பாரு. தொழிலு தெரிஞ்ச நீங்களும் சொல்லணும். ஒரே ஒரு வார்த்த.

சூட்டுக்கோல மறுபடி எடுத்துட்டீங்க. தலையாட்டுனதா நான் எடுத்துக்குறேன்.

சைக்கிளு சத்தம். அவுருதான். வச்சாச்சா? மூடுங்க, மூடுங்க, ஸ்க்ரூவ முடுக்குங்க.

வாங்க மாப்ளே! என்னா இப்புடி வேர்த்து ஊத்துது? நான் ஒரு கை புடிக்கிறேன், எறக்குங்க. ஒயர இங்க சொருகுங்க. மெட்ராஸ்லேயே இந்த மாதிரி பிக்கப்பு ரெண்டுதான் வந்துச்சாம், கடக்காரரு சொல்றாரு. வாசிங்க. கேசட்டுல வர்ற அந்தக் குதிர ஓட்டத்தையே வாசிங்க.

ஆகா! இதான் மாப்ளே! இதேதான்! வெள்ளக்காரரு ஜீப்பு வாசல்ல வந்து நின்னாப்ல இருக்கு!

மந்தமா? எங்க மந்தம்? கேலியெல்லாம் இல்ல மாப்ளே, சத்தியமா. சரி, என்ன நம்ப வேணாம், அவுரக் கேளுங்க.

ஏங்க. ஒங்களத்தான் பாக்குறாரு. சொல்லுங்க.