மூன்றாம் மாடியில் மதிப்பீடு

படியேறுவது உடம்புக்கு நல்லது. இதை மருத்துவன் என்ற முறையில் மட்டும் சொல்லவில்லை. நாள்தோறும் மூன்று மாடி ஏறி அலுவலகம் சென்றவன் என்ற முறையிலும் சொல்கிறேன். விசாரிக்கும் நீங்களும் சிறிது ஏறலாம், ஐயா. வயிறு மேசையைத் தொடுகிறது. குறையாகச் சொல்லவில்லை.

என் பணியைப் பற்றிக் கேட்டீர்கள். நோயினாலோ விபத்தினாலோ நெடுங்காலம் உழைக்க இயலாதவர்க்கு அரசு மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. பெறுபவர் மெய்யாகவே இயலாதவர்தாமா என்று நேரில் பார்த்து எழுதுபவன் நான். மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உமக்கு நோய் உண்டா என்பது கேள்வியன்று. அந்த நோயோடு ஏதேனும் ஒரு வேலை செய்ய இயலுமா என்பதே கேள்வி. ஒரு கண் போன தையற்காரர் ஒருவர் வந்தார். ஊசியில் நூல் கோக்கும்போது நாங்களெல்லாம் ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது, உமக்கு அந்தச் சிரமமும் இல்லையே என்றேன். விடை வராத இடத்தில் 'உழைக்கத் தக்கவர்' என்று எழுதுவது என் வழக்கம்.

ஆனால் ஒவ்வொருவரையும் குனியச் சொல்லி, நிமிரச் சொல்லி, முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தால் கோப்பு நகராது. ஆகவே ஒரு முறையை வகுத்தேன். மின்தூக்கியின் விசைப்பெட்டிக்குச் சாவி உண்டு. காலையில் விசையை அணைத்துப் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். கீழே 'பழுது' என்னும் பலகை தொங்கும். மூன்று மாடி ஏறி வந்தவர், ஏறி வந்தமையாலேயே உழைக்கத் தக்கவர். ஏற இயலாதவர், வராதவர். வராதவருக்குத் தொகை இல்லை. பாம்பும் சாகாமல், பாம்படித்த கோலும் முறியாமல் என்பார்கள்; என் முறையில் பாம்பு செத்தது, கோலும் முறியவில்லை. தேநீர்த் தட்டு வரும்போது மட்டும் மின்தூக்கி ஓடும். படி வழியே கொண்டுவந்தால் சிந்திவிடும்.

என் மேசையில் கோப்பு ஒன்றும் தங்குவதில்லை என்று மேலதிகாரி மற்ற மருத்துவர்களிடம் சொல்லிச் சொல்லி அவர்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்.

இனி அந்த மனிதர். கல் அரைக்கும் ஆலையில் உழைத்தவர். நுரையீரல் முழுதும் கல்தூள். மூச்சு வாங்கும் ஓசையினால் ஆலையில் அவரைத் 'துருத்தி' என்று அழைப்பார்களாம். வீட்டு வாடகையும் ஆக்சிஜன் உருளையும் அந்த உதவித்தொகையில்தான் நடந்தன. முன்னொரு முறை மதிப்பீட்டுக்கு வந்தவர் இரண்டாம் மாடியோடு திரும்பிவிட்டார். வராதவர் என்று எழுதினேன். மறுமுறையும் வராவிட்டால் தொகை அடியோடு நிற்கும். ஆகவே வந்தார். உருளைவண்டி படியேறாது, அதைக் கீழேயே விட்டுவிட்டார்கள்.

முதலில் அவர் மனைவி மட்டும் ஏறிவந்தார். "ஐயா, நீங்க ஒரு எட்டு கீழ வந்து பாத்துடுங்க. அவரால முடியல" என்றார். முடியவில்லை என்பதை அவரே நேரில் வந்து தெரிவிக்க வேண்டும் என்று விதியை எடுத்துரைத்தேன்.

"முடியலன்னு சொல்றதுக்கே மூணு மாடி ஏறணுமா, ஐயா?"

நல்ல கேள்விதான். ஆனால் அந்த அறையில் கேள்வி கேட்பவன் நான்.

அவர் இறங்கிப்போய்க் கணவரைத் தாங்கி அழைத்துவரத் தொடங்கினார். நான் கதவைத் திறந்துவைத்துக் கேட்டிருந்தேன். மூச்சின் ஓசை மதிப்பீட்டுக்கு உதவும். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்தார்கள். ஓரிடத்தில் அவர், "அழாதடி. என்னை மேல அனுப்புறதுன்னு இவங்க முடிவு பண்ணிட்டாங்க. போய்த்தான் பாப்போமே" என்று சொல்லிச் சிரித்தார். சிரிக்க மூச்சு இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

பிறகு விழுந்த ஓசை கேட்டது. எழுந்து சென்று பார்த்தேன். அலுவலக உதவியாளர் ஓடிவந்தார்.

"சார், சாவியக் குடுங்க. லிஃப்ட்டப் போட்டுக் கீழ கொண்டுபோயிடலாம்."

"கொஞ்சம் பொறுப்பா. நடிக்கிறவனக் கண்டுக்காம விட்டா தானா எழுந்துப்பான்."

பொறுத்தோம். நான் நாடி பார்க்கவில்லை. நாடி பார்த்தால் அது சிகிச்சையாகிவிடும். மதிப்பிடுபவன் சிகிச்சை செய்யலாகாது. அவருடைய உதடுகள் நீலமானதைக் கண்டேன். அது நடிப்பில் வராது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் பாதியில் மனத்தை மாற்றிக்கொண்டால் ஒரு முறைக்கு என்ன மதிப்பு? உதவியாளர் என்னைக் கேளாமலே ஆம்புலன்சை அழைத்துவிட்டார். அவர்மீது நடவடிக்கை கோரி எழுதியிருக்கிறேன். வந்தவர்கள் பலகையைப் படித்துவிட்டு ஸ்ட்ரெச்சரோடு படியேறினார்கள். படி வழியே இறக்கினார்கள். கீழே சேரும்போது அவருக்கு மூச்சு இல்லையாம். சாவி என் பையில்தான் இருந்தது. தேநீர் வேளை இன்னும் ஆகவில்லை.

எனக்கிருந்த சங்கடம் வேறு. அவர் கிடந்தது மூன்றாம் மாடிக்குச் சற்றுக் கீழே. வந்தவர் என்பதா, வராதவர் என்பதா? அவருடைய வலக்கை கடைசிப் படியின்மேல் இருந்தது. நான் கல்நெஞ்சன் அல்லன். வந்தவர் என்றே எழுதினேன். வந்தவர் ஆகையால், உழைக்கத் தக்கவர்.

கையொப்பம் இடுங்கள் என்கிறீர்கள்; இடுகிறேன், மறைக்க எதுவும் இல்லை. ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. அன்று அவரை மிதித்துவிடக் கூடாதே என்று அகலமாகக் கால்வைத்துத் தாண்டியபோது என் முழங்கால் பிசகிவிட்டது. நீதிமன்றம் இரண்டாம் மாடியிலாம். அங்கே மின்தூக்கி பழுதாம். வராதவன் என்று எழுதிவிடப் போகிறார்கள். நீதிபதியை ஒரு எட்டுக் கீழே வந்து பார்க்கச் சொல்லுங்கள். வலி உண்மையாகவே இருக்கிறது, ஐயா. நான் நடிப்பவன் அல்லன்.