தலையில்லாத மயில்

ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் வரும் ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் மடியில் ஒரு பழைய லேப்டாப். அதில்தான் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறாளாம். மற்றவர்கள் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு வந்ததால், அவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்கும் வேலை என்னுடையதாயிற்று.

"மயிலுக்குத் தலை வரலக்கா. அதான் புது லேப்டாப் வாங்கலாம்னு இருந்தேன்."

"ஏன், என்ன ஆச்சு?"

"சேவ் பண்றப்போ ஹேங் ஆயிடுச்சு. தலை மட்டும் பதியல. நானும் பாக்காம தறிக்கு அனுப்பிட்டேன். பார்டர் முழுக்க முண்டமா மயிலு."

"நெய்யறவரு கேக்கலியா?"

"புது டிசைன்னு நெனச்சிக்கினாராம்."

"ஐயோ, அந்தப் பொடவை என்ன ஆச்சு?"

"கடையில மொதல்ல வித்ததே அதுதான். இப்போ அன்னமும் அதே மாதிரி தலையில்லாம வேணுமாம்."

"நீயே தலைய அழிச்சிட வேண்டியதுதானே?"

"அழிச்சுப் பாத்தேன்கா. வெட்டுன மாதிரி இருக்குது. லேப்டாப் தானா உட்டாதான் அழகா இருக்குது."

"அப்போ புதுசு எப்பதான் வாங்குவ?"

"ஆர்டர் முடியட்டும்."

வேகத்தடையில் ஆட்டோ தூக்கிப் போட்டது. பெரியவள் சட்டென்று லேப்டாப்பை அழுத்திப் பிடித்தாள்.

"பாத்துமா, குலுங்கிச் சரியாயிடப் போவுது."