தம்பிக்கு விழாத கியர்

அது வேணாம்ண்ணே. அந்த அஞ்சு கியர் பெட்டியத் திருப்பி உள்ளயே வெச்சுடுங்க. நல்ல பெட்டிதான், யாரு இல்லேன்னா? ஒரு விரல்ல தள்ளுனா வழுக்கிக்கிட்டு விழுது. அதனாலதான் வேணாங்கறேன்.

கிறுக்கெல்லாம் பிடிக்கலண்ணே, சொல்றேன் கேளுங்க. எங்க ஜீப்பு மேடேற ஜீப்பு. குன்று மேல ரெண்டே வீடு, ஒண்ணு என்னோடது, ஒண்ணு என் கூடப்பொறந்த தம்பியோடது. கீழ இருந்து வர்ற பாதைக்குப் பாதைன்னு பேருதான், பாதி கல்லு, பாதி சேறு. பழைய பெட்ரோல் எஞ்சின் மண்டையப் போட்டுடுச்சு. ஒடச்ச வேன்ல இருந்து டீசல் எஞ்சின் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். அதோட இழுவைய ஜீப்போட பழைய கியர் பெட்டி தாங்காது, பல்லெல்லாம் உதுந்துடும். அதுக்குத்தான் காலையில இருந்து உங்க பழைய இரும்புக் கடையில கரி பூசிக்கிட்டு நிக்கறேன்.

ஆட்டோமேட்டிக்கா? நல்லாச் சொன்னீங்க போங்க. அதப் போட்டா என் தம்பி தூங்கிக்கிட்டே ஓட்டுவான்.

ஆமாண்ணே, ஜீப்பு ரெண்டு பேருக்கும் பொது. எங்கப்பா அப்படிச் சொல்லிட்டுப் போயிட்டாரு. ஒரு மாசம் அவன், ஒரு மாசம் நான். டீசல் மாத்தற செலவு பூரா என்னோடதுன்னதும் அவன் மூஞ்சியப் பாத்திருக்கணுமே நீங்க! அக்காவுக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்குன்னு பொண்டாட்டிகிட்டச் சொல்றான், எனக்குக் கேக்கணும்னே. கியர் மட்டும் மெத்துன்னு விழற மாதிரி பாரு, எனக்குத் தோள்பட்டை வலிக்குதுன்னு ஆர்டர் வேற. பாக்கறேன்டா ராசா, பாக்கறேன்.

அந்தத் தார்ப்பாய்க்கு அடியில கிடக்கறது என்னது? பழைய லாரியோடதா? சின்க்ரோ கிடையாதே அதுல, கியர் தானா இசைஞ்சு விழாதே? அப்ப அதத்தான் வெளிய இழுங்க. மூடியக் கழட்டுங்க, பல்லப் பாக்கணும். ம்... ஆயிலு கறுத்துப் போச்சு, பரவால்ல, விரல்ல இரும்புத் தூள் ஒட்டல. இந்தப் பக்கம் சுத்துங்க. சத்தம்தான் கொஞ்சம் ஊளையிடும். இடட்டும்.

எஞ்சினோட சேராதுன்னு எனக்கும் தெரியும். நடுவுல ஒரு பிளேட்டு அடிச்சுப் போடணும், லேத்துக்காரர்கிட்டப் பேசிட்டேன். கனமா? ஜீப்பு தூக்கும், நானா தூக்கப் போறேன்?

நான் தண்ணி லாரி ஓட்டறேண்ணே. ஆமா, நாந்தான், ஏன் அப்படிப் பாக்கறீங்க? இதே மாதிரி பெட்டிதான். கிளட்ச்ச மிதிச்சு நியூட்ரலுக்கு வரணும், காலை எடுக்கணும், எஞ்சின் சத்தத்தக் காதுல வாங்கிக்கிட்டு அளவா ஆக்சிலரேட்டர் குடுக்கணும், மறுபடி கிளட்ச்ச மிதிச்சுப் போடணும். சரியா வந்தா வெண்ணெய். கொஞ்சம் பிசகுச்சோ, கர்ருனு கத்தி, விழவே விழாது. எனக்குப் பழகறதுக்கு ஒரு மழைக்காலம் பூரா ஆச்சு. முதலாளி என்னைத் திட்டாத திட்டில்ல.

என் தம்பியா! யாராவது புதுக் காரக் குடுத்தாக்கூட அவன் செகண்டுக்கும் ஃபோர்த்துக்கும் நடுவுல தடவிக்கிட்டு இருப்பான். இதுல ஃபர்ஸ்ட்ல கெளப்பிடுவான், அது யாருக்கும் வரும். ஆனா அந்த ஃபர்ஸ்ட்ல போனா நடந்து போறவன் முந்திடுவான். அடுத்த கியர் விழுந்தாத்தான் வண்டி. அது அவனுக்கு இந்த ஜென்மத்துல விழாது.

கவுந்துடுவானா? சேச்சே. உயிர்மேல அவனுக்கு ஆசை அதிகம். கியர் ஒரு தடவை கத்துனாலே பிரேக்கப் பிடிச்சுட்டு இறங்கிடுவான். பிரேக்கு நாலும் புதுசாப் போடறேன், அதுல குறை வெக்க மாட்டேன். அவன் சாவறது எனக்கு எதுக்கு? அவன் இருக்கணும். நல்லா திடமா, காது கேக்கற மாதிரி இருக்கணும்.

கத்துக்கலாமே, தாராளமாக் கத்துக்கலாம். யாருகிட்டக் கத்துக்குவான்? இந்தச் சுத்து வட்டாரத்துல இத ஓட்டத் தெரிஞ்சது நான் ஒருத்திதான். டிரைவர் வெச்சுக்குவானா? பழைய ஆளுங்கல்லாம் கண்ணு தெரியாம வீட்டுல உக்காந்துட்டாங்க. இப்ப வர்ற பசங்களுக்கு இதப் பாத்தாலே சிரிப்பு.

என்னது? அவன் வீட்டுல ஒரு அவசரம்னா என்ன பண்ணுவான்னா?

அதுக்குத்தாண்ணே இவ்வளவும்.

எங்க வீட்டுலயும் அவசரம் வந்துச்சு. அப்ப எனக்கு ஸ்டியரிங்கைத் தொடக்கூடத் தெரியாது, வீட்டுக்காரர்தான் ஓட்டுவாரு. மத்தியானம், சாப்பிட உக்காந்தவரு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சுட்டாரு. ஜீப்பு வாசல்ல நிக்குது, டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கு, சாவி என் கையில இருக்கு. ஓட்டத்தான் ஆள் இல்ல. ஓடிப்போய் தம்பி வீட்டுக் கதவத் தட்டறேன். தம்பி, மாமாவுக்கு முடியல, வாடா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்டான்னு கத்தறேன். அதுக்கு முந்தின வாரம் அவனுக்கும் இவருக்கும் சண்டை. என்ன பெரிய சண்டை, தண்ணிக் குழாய யாரு பக்கமா இழுக்கறதுங்கற சண்டை.

வீட்டுல இல்லையோன்னு கேக்கறீங்களா? இருந்தான். உள்ள இருமுனான். நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்த சத்தம்கூடக் கேட்டுச்சு. நான் திரும்பி வந்து, வண்டியில ஏறி, சாவியப் போட்டுத் திருகித் திருகிப் பாத்தேன். துள்ளித் துள்ளி நின்னுச்சு. அப்புறம் எறங்கி வீட்டுக்குள்ள போனேன். அவ்வளவுதான், அதுக்கப்புறம் வண்டி தேவைப்படல.

அட, விடுங்கண்ணே. தண்ணியெல்லாம் வேணாம். சங்கிலியப் போட்டு இதத் தூக்கி என் வண்டியில வைங்க முதல்ல. அடுத்த மாசம் அவனோட மாசம், அதுக்குள்ள மாட்டி முடிக்கணும்.

வருவேண்ணே, கூப்பிட்டா வந்து ஓட்டுவேன். நான் என்ன மிருகமா? பெரியாஸ்பத்திரி வரைக்கும் ஒரு குலுக்கல் இல்லாமக் கொண்டுபோய் விடுவேன். ஆனா சாவியக் கையில வெச்சுக்கிட்டு அவன் என் வாசலுக்கு வரணும். அக்கான்னு கூப்பிடணும், கதவத் தட்டணும்.

உடனே திறப்பேனான்னா... அன்னைக்கு நான் எவ்வளவு நேரம் தட்டுனேன்னு அவனுக்குத் தெரியும்ண்ணே, உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்தான். அவ்வளவு நேரம் தட்டட்டும்.