எதிர்முனைக் கையெழுத்து

இரவு இரண்டு அடிக்கப் பத்து நிமிடம். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பின்னால் உப்பளச் சாலை... விளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள், வெள்ளை வேட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு குந்தியிருக்கிற ஆட்கள் மாதிரி. அந்தச் சாலையில் ஸ்கூட்டியில் தனியாகப் போனவள் சுடலைச்செல்வி. எங்கள் தெரு முருகேஸ்வரிக்குப் பெரியம்மா மகள்.

ஒரு கண்டெய்னர் யார்டில் அவளுக்கு இரவு வேலை. யார்டு ரூட்டரும் உப்பளக் கேபினில் இருந்த ரூட்டரும் பத்து விநாடிக்கு ஒரு தடவை ஒன்றுக்கொன்று 'ஹலோ' அனுப்பும். நாற்பது விநாடி ஹலோ வராவிட்டால் பக்கத்து ரூட்டர் செத்துவிட்டது என்று அர்த்தம். திரையில் அதன் பெயர் சிவக்கும். திரும்ப வந்தால் பச்சை. எது நடந்தாலும் காரணத்தை ரெஜிஸ்டரில் எழுதி, இந்த முனைக்காரரும் எதிர்முனைக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும்.

எதிர்முனைக் கையெழுத்து, உப்பளக் கேபினைப் பார்த்துக்கொண்ட பர்னபாஸுடையது. போன மழையில் இணைப்பு அறுந்தது. சரிபார்க்கப் போனவர், கேபினுக்குள் தேங்கிய தண்ணீரில் கரண்ட் அடித்துச் செத்துப்போனார். 'அவருடைய கவனக்குறைவு' என்று எழுதினார் என்ஜினீயர் சிவனணைந்தபெருமாள். ரூட்டரைக் கழற்றினார்கள். கரண்டைத் துண்டித்தார்கள். திரையிலிருந்து அந்த ரூட்டரின் பெயரை எடுக்க மட்டும் மறந்துவிட்டார்கள்.

ஒரு வாரமாக, இரண்டு மணி ஆனால்... அந்தப் பெயர் பச்சை.

என்ஜினீயர் நம்பவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு நைட் ஷிப்ட் ஒத்து வராதுன்னு அன்னைக்கே சொன்னேம்லா. தூங்கிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு நாளையோட நின்னுக்கோ."

"தூங்காதவ எப்படி சார் எழுதுவா?"

ரெஜிஸ்டரையும் கேபின் சாவியையும் எடுத்துக்கொண்டு அன்று இரவே கிளம்பியவள்தான்.

கதவு... கிரீச். அழுகின பாசி வாடை. அதற்குள்ளிருந்து கருகின ஒயர் வாடை. ரூட்டர் இருந்த இடம் காலி. கேபிள் நுனி மட்டும் தொங்கியது.

யார்டில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் பால்துரைக்குப் போன் போட்டாள். "பச்சையாத்தாம் இருக்கு பிள்ள... அங்கன நிக்காத, வந்துரு."

கேபிள் நுனியைப் பிடித்தாள். சூடு. உள்ளங்கையில்... டக். எண்ணினாள். பத்தாவது விநாடி... டக்.

ஓடவில்லை. சுடலைமாடன் கோயிலில் பெயர் வைத்த பிள்ளை.

"அண்ணாச்சி, பயந்து ஓட வரல. கையெழுத்து வாங்கத்தான் வந்தேன்."

ரெஜிஸ்டரை விரித்துப் பேனாவை வைத்தாள். திரும்பி நின்று நாற்பது எண்ணினாள். முப்பத்தொன்றில்... தண்ணீரில் கால் வைக்கிற சத்தம். தரையோ காய்ந்து கிடந்தது. முப்பத்தாறில் பேனா கீறுகிற சத்தம். நாற்பதையும் முழுசாக எண்ணிவிட்டுத்தான் திரும்பினாள்.

காலையில் ரெஜிஸ்டரை என்ஜினீயர் மேஜையில் விரித்து வைத்தாள். காரணம் எழுதும் கட்டத்தில், எல்லாருக்கும் தெரிந்த பர்னபாஸின் சாய்ந்த எழுத்து.

'கரண்ட் மெயினை ஆப் பண்ணிட்டேன், உள்ள போன்னு என்ஜினீயர் சார் போன்ல சொன்னாங்க. ஆனா ஆப் பண்ணல.'

கீழே கையெழுத்து.

நைட் ஷிப்ட் பேச்சை என்ஜினீயர் அப்புறம் எடுக்கவில்லை. சுடலைச்செல்வி இன்றைக்கும் இரவு வேலைதான். அந்த எழுத்தின் மை மட்டும்... இன்னும் காயவில்லை. தொட்டால் விரலில் ஒட்டும். நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும்.