தையல்கடை ஜன்னலில் இருந்த ரத்தம்

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதியுள்ளபடி. வயது நாற்பத்து நான்கு. ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி மேசை என் பொறுப்பு. நான் மாடியிலும் என் தம்பி கீழேயுமாக ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். தம்பி கடைகளுக்கும் வீடுகளுக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவன், அக்கம்பக்கத்தில் அவனைக் கண்ணாடிக்காரன் என்றால்தான் தெரியும். தையல்கடை ஜன்னலை உடைத்து உள்ளே போய்த் தீ வைக்கப் பார்த்ததாக அவனைப் பிடித்து வைத்திருக்கும் வழக்கு சம்பந்தமாக, யாரும் கூப்பிடாமல் நானாகவே இந்த நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன். அந்த ஜன்னலை உடைத்தது நான்.

மூன்று வருடத்துக்கு முன் எனக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையையே மாற்ற வேண்டும், முதலில் கூடப்பிறந்தவர்களிடம் பொருத்தம் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னார். எங்கள் அண்ணனுக்கும் எனக்கும் ஒரே முகம், மீசைதான் வித்தியாசம், அதனால் அவர்தான் பொருந்துவார் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். அவர் பொருந்தவில்லை. அதன் பிறகு, சின்ன வயதில் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்று சொல்லி நாங்கள் அழவைத்த தம்பி, நிறத்திலும் மூக்கிலும் என்னோடு ஒட்டாதவன், அச்சாகப் பொருந்தினான். முகம் ஒரு கணக்கு, இது வேறு கணக்கு, கூடப்பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்கே இது முழுதாக அமையும் என்று மருத்துவர் விளக்கினார். சில சமயம் கடல் தாண்டி, நம் பாஷையே தெரியாத ஒருவரிடம்கூடப் பொருத்தம் கிடைக்குமாம். மனிதர்கள் எல்லோருக்கும் நூறில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஒரே சரக்குதானாம், ரொம்பப் பழைய காலத்தில் இருந்த ஒரு சின்னக் கூட்டத்தின் வாரிசுகளாம் நாம். அப்படியானால் நீங்களும் எனக்குச் சொந்தமா என்று கேட்டேன். சொந்தம்தான், ஆனால் கல்யாணப் பத்திரிகை வைத்து மாளாது என்றார். அத்தனை பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அதன் பிறகு தம்பியின் மஜ்ஜையை எனக்கு ஏற்றினார்கள். அன்றிலிருந்து என் உடம்பில் ரத்தம் ஊறுவது அவன் மஜ்ஜையிலிருந்துதான். என் ரத்தப் பிரிவே மாறி அவனுடையதாகிவிட்டது. பெண்ணான என் ரத்தத்தை மட்டும் சோதித்தால் ஆண் என்றே காட்டும், கன்னத்தின் உள்பக்கத்தையும் தலைமுடியையும் சோதித்தால் பழைய நான்தான். இதனால் தம்பிக்கு வீட்டில் அதிகாரம் கூடிவிட்டது. நான் காய் நறுக்க உட்கார்ந்தால்கூட, கொடுத்ததை ஒழுங்காக வைத்துக்கொள் என்று சத்தம் போடுவான்.

போன வாரம், பொழுது விடியும் நேரத்தில், வெளியூர் ஆஸ்பத்திரியில் வழக்கமான பரிசோதனைக்காகப் பஸ் பிடிக்கப் போனேன். தையல்கடையைத் தாண்டும்போது துணி கருகும் வாடை அடித்தது. காலமெல்லாம் இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறவள், எனக்கு அந்த வாடை தப்பாது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது, பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது, அடியிலிருந்து புகை வந்தது. பெயர்ப்பலகையில் இருந்த நம்பருக்கு போன் போட்டேன், போன் கடைக்குள்ளேயே அடித்தது. மாடியில் ஆட்கள் தூங்கும் கட்டிடம் அது. அதனால் ஒரு செங்கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைத்து, கையை விட்டுக் கொக்கியை நீக்கி, உள்ளே ஏறிக் குதித்து, பிளக்கைப் பிடுங்கி, குடத்துத் தண்ணீரை மேசைமேல் ஊற்றினேன். முழங்கைக்குக் கீழே கிழித்துவிட்டது. துண்டால் கட்டிக்கொண்டேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது, அதை விட்டால் மருத்துவரைப் பார்க்க முடியாது என்று ஏறிவிட்டேன். ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, சில நாள் இருந்துவிட்டுப் போ என்றார்கள். திரும்பியதும் கடைக்காரரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். தம்பியிடம் போனில் கை விஷயத்தைச் சொல்லவில்லை. திட்டுவான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

நான் இல்லாதபோது, கருகிய மேசையையும் உடைந்த கண்ணாடியையும் ரத்தத்தையும் பார்த்த தையல்கடைக்காரர், யாரோ தீ வைக்க வந்ததாகப் புகார் கொடுத்துவிட்டு, புதுக் கண்ணாடி போட என் தம்பியையே கூப்பிட்டிருக்கிறார். ஜன்னல் ரத்தம் ஓர் ஆணுடையது என்று சோதனையில் தெரிந்து, கடைக்கு வந்துபோகிற ஆண்கள் எல்லோரிடமும் போலீசார் ரத்த மாதிரி எடுத்ததில் அது தம்பியுடையது என்று வந்துவிட்டது. உடைப்பதும் அவனே, மாட்டுவதும் அவனே, தொழில் நடக்க வழி என்று நினைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு வேலை குவிந்து கிடக்கிறது, எங்கள் குளியலறை ஜன்னலுக்கு இன்னும் அட்டைதான்.

ஊர் திரும்பிய உடனே விஷயம் தெரிந்து இங்கே வந்தேன். ரத்தம் உன்னுடையது என்று சொன்னதும் தம்பி கீறல் இல்லாத கைகளைக் காட்டி மறுத்தான் என்றும், சோதனை பொய் சொல்லாது என்றதும் தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஆமாம் என்றோ இல்லை என்றோ வாயே திறக்கவில்லை என்றும் ஆய்வாளர் சொன்னார். அது என் உடம்பிலிருந்து வந்த ரத்தம் என்று அப்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. நான் எதற்காக அங்கே போனேன், என்ன செய்தேன் என்று எதுவும் தெரியாமலே உள்ளே உட்கார்ந்துவிட்டான். இதைச் சொல்லும்போது நான் அழுதேன், அதையும் எழுதிக்கொள்ளலாம்.

ஏன் மறைத்தாய் என்று ஆய்வாளர் என் முன்னால் அவனைக் கேட்டார்.

"அக்கா ரத்தம்னு சொன்னா அக்காவப் பிடிப்பீங்க. என்னோடதாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன் சார்" என்றான்.

அதன் பிறகு என் கைக்கட்டைப் பார்த்தான். தன்னை எப்போது விடுவார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காவலர்கள் எல்லோரும் பார்க்க என்னைத் திட்ட ஆரம்பித்தான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் சந்தோஷமாக நின்று கேட்டேன்.

என் கன்னத்தின் உள்பக்கத்திலிருந்தும் கையில் எடுத்த ரத்தத்திலிருந்தும் மாதிரி கொடுத்திருக்கிறேன். மருத்துவர் போனில் பேசி உறுதி செய்தார். பெட்டியை அணைக்காமல் போனது தான்தான் என்று தையல்கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே ஒப்புக்கொண்டு புகாரைத் திரும்பப் பெற்றார்.

இவை எல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாருக்கும் பயப்படாமல் நான் சொன்ன உண்மை. எழுதியதை வாசித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம்: ஜன்னலில் இருந்தது "என் ரத்தம்" என்று ஆய்வாளர் எழுதியிருந்தார். அதை அடித்து "எங்கள் ரத்தம்" என்று எழுதச் சொன்னேன். எழுதிவிட்டார். கீழே கையெழுத்துப் போடுகிறேன்.