குமுளிச் சாவடியில் முத்திரை கேட்டவர்

"என் மூட்டையைக் கொஞ்சம் சந்தேகப்பட்டாத்தான் என்ன?"

என் வண்டிக்கு முன்னால் நின்ற வண்டியின் ஏலக்காய் வியாபாரி இப்படிக் கேட்டது காதில் விழவும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

குமுளிச் சாவடியில் அந்த வாரம்தான் குறுக்குக் கட்டையை எடுத்திருந்தார்கள். மலையிலிருந்து ஏலக்காய் இறக்க இனிச் சோதனையும் இல்லை, அரக்கு முத்திரையும் இல்லை. மாடுகள் மட்டும் பழக்கத்தில் அங்கேயே நின்றுகொண்டிருந்தன.

"அதான் சட்டத்தையே எடுத்துட்டாகளே, போங்க" என்றார் சாவடிச் சேவகர்.

"போனேன்யா. போடி மண்டிக்காரவுக வாங்க மாட்டோம்னுட்டாக. முத்திரை இல்லாட்டி திருட்டுக்காயாத்தான் இருக்கும்ங்கிறாக. மூட்டைய மறுபடி மலையேத்திக் கொண்டாந்திருக்கேன்."

"முத்திரைக் கட்டையச் சர்க்கார்ல திருப்பி வாங்கிக்கிட்டாகய்யா."

"வெறும் அரக்கையாவது உருக்கி ஊத்துங்க."

"அதுவும் கூடாது."

வியாபாரி தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போன வருசம் இதே எடத்துல, கம்பிய விட்டு மூட்டையக் குத்தாதீகன்னு உங்ககிட்ட எம்புட்டுக் கெஞ்சுனேன்! இன்னைக்குக் குத்துங்கன்னு கெஞ்சுறேன்."

சேவகர் மாட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அன்னைக்கும் நான் கேக்கலையேய்யா. வண்டிய நகத்துங்க."