எதிர்வீட்டு விருந்தாளிகள்

ஸ்ரீரங்கத்தில் தடுப்பூசி வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். மூத்தவர், கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்குத் தன் வீட்டு மாடியில் ரூம் விடுபவர் என்பது பேச்சில் தெரிந்தது. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு அவர் சொன்னார்:

"எதிர்வீட்டு கல்பனாகிட்ட தங்கறவங்க சாப்பிட்ட தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போறாங்க. அதைப் பார்த்து எனக்குத் தூக்கமே வரலை."

"நல்லதுதானேக்கா?"

"என் வீட்டுல தங்கினவங்க மொட்டைமாடி பூரா தண்ணி பாட்டிலைப் போட்டுட்டுப் போவாங்க. நான் ஒண்ணும் சொன்னதில்லை. கொரோனாவுக்கு முன்னாடி எப்பவும் கூட்டம். அவ வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருப்பா."

"இப்ப அவங்க ரெண்டே ரூம்தான் விடறாங்களாம். பிளாஸ்டிக் கூடாது, நாலு நாளாவது தங்கணும், ஊரை நடந்தே பார்க்கணும்னு சொல்றாங்களாமே."

"இப்படிச் சொன்னா யாரு வருவான்னு சிரிச்சேன். இப்ப போன் பண்ணி இடம் பிடிச்சு வர்றாங்க. என் ஆறு ரூமும் பூட்டிக் கெடக்கு."

"அவங்ககிட்டயே சொல்லி வைங்களேன். இடமில்லாதப்ப உங்ககிட்ட அனுப்புவாங்க."

மூத்தவர் முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டார்.

"நான் சொல்லாமலேயே அவ அனுப்பினா. போன வாரம் ஒரு குடும்பம், கைக்குழந்தையோட வந்து நின்னுச்சு."

"அப்புறம்?"

"ரூம் காலியில்லைன்னுட்டேன்."

வரிசை கொஞ்சம் நகர்ந்த பிறகு மூத்தவரே சொன்னார்:

"அன்னைக்குச் சாயங்காலம் ஆறு ரூம்லயும் லைட்டைப் போட்டு வெச்சேன். அவ நம்பணுமில்ல."